சொல்லைத் தொட்டால் பொருள் வருமா?

தெரியாத சொல் எதிர்ப்பட்டால் பெரும்பாலான வாசகர்கள் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்து உத்தேசமாக ஒரு பொருளைக் கொள்வோம்; அதுவும் பிடிபடாவிட்டால், கதை எப்படியும் நகரும் என்று விட்டுவிடுவோம். சோம்பல் என்று இதைச் சொல்வது நியாயமில்லை. புத்தகத்தைக் கவிழ்த்துவைத்து, கனத்த தொகுதியை எடுத்து, பக்கம் புரட்டி, சொல்லைக் கண்டு, திரும்பி வந்து விட்ட வரியைத் தேடுவதற்குள் வாசிப்பின் சூடு ஆறிவிடும். ஒரு சொல்லுக்காக அவ்வளவு கொடுக்க மனம் ஒப்புவதில்லை. மின்வாசிப்புக் கருவிக்குள் இருக்கும் அகராதி இந்தச் செலவைத்தான் ஏறக்குறைய இல்லாமல் செய்திருக்கிறது. சொல்லின்மேல் விரலை அழுத்தினால் அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டி விரிகிறது. பொருளைப் பார்த்துவிட்டு விரலை வேறெங்காவது தட்டினால் மறைகிறது. வாசகரின் கண் அந்த வரியை விட்டு நகரவே இல்லை.

இந்த வசதி ஒரே நாளில் இப்படி அமைந்துவிடவில்லை. 2007 நவம்பரில் அமேசானின் வாசிப்புக் கருவியான முதல் கிண்டில் வந்தபோதே அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க ஆங்கில அகராதி இருந்தது. ஆனால் தொடுதிரை கிடையாது. பக்கவாட்டுச் சக்கரத்தை உருட்டி ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரியில் உள்ள சொற்களுக்கெல்லாம் பொருள் வரிசையாக வரும். 2009இல் வந்த இரண்டாவது மாதிரியில் குறியைச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் திரையின் அடியில் சுருக்கமான பொருள் தோன்றியது. தொடுதிரை வந்த பிறகுதான் இது இன்றைய எளிமையை அடைந்தது. இப்போது கோபோ போன்ற பிற வாசிப்புக் கருவிகளிலும், கைப்பேசி, கணினி ஆகியவற்றிலும் இது இயல்பான அம்சமாகிவிட்டது. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அகராதி கருவியின் நினைவகத்திலேயே இருக்கிறது.

இதனால் வாசகருக்கு என்ன லாபம் என்று கேட்டால், சொல்வளம் பெருகும் என்பதே வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கத் துணிகிறோம் என்பதையே இது மாற்றுகிறது. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். சொல்வளம் குறித்த ஆய்வுகளால் அறியப்பட்ட மொழியியலாளர் பால் நேஷன், ஓர் ஆங்கிலப் பனுவலைத் துணையின்றித் தடையில்லாமல் படிக்க அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்று 2006இல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். 98 விழுக்காடு என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது. முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. அதுவே 95 விழுக்காடாகக் குறைந்தால் பக்கத்துக்குப் பதினைந்து சொற்கள் தெரியாமல் போகும். சொல்லுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் அச்சு அகராதியோடு அந்தப் பக்கத்தைத் தாண்ட ஏழெட்டு நிமிடம் கூடுதலாகும். முதல் அத்தியாயம் முடிவதற்குள் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும். அதே பக்கத்தில் சொல்லுக்கு இரண்டு மூன்று விநாடிதான் ஆகிறது என்றால், ஒரு படி மேலான புத்தகத்தோடும் மல்லுக்கட்டலாம். இரண்டாம் மொழியில் படிப்பவர்களுக்கு இது சிறிய சலுகையில்லை.

அகராதியைக் கையில் கொடுத்தால் வாசகர்கள் அதைப் பயன்படுத்துவார்களா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. 1996இல் மொழி கற்றலை ஆராய்ந்துவந்த ஹுல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் பிரெஞ்சு பயின்ற டச்சு மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவுக்குப் பக்க ஓரத்திலேயே அருஞ்சொற்பொருள் தரப்பட்டது. இன்னொரு குழுவுக்கு அகராதி தரப்பட்டது. அகராதி வைத்திருந்தவர்கள் அதை அரிதாகவே திறந்தார்கள். திறந்து பார்த்த சொற்கள் மட்டும் நன்றாகவே மனத்தில் நின்றன. சிக்கல் அகராதியின் தரத்தில் இல்லை, எட்டும் தூரத்தில் இருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஸ்பானிய மொழி பயின்ற மாணவர்களைக் கணினித் திரையில் படிக்கவைத்துச் சூசன் நைட் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. அகராதி கிடைத்தவர்கள் கூடுதலான சொற்களைக் கற்றார்கள். மொழித்திறன் குறைந்தவர்களுக்கு அகராதியால் வாசிப்புப் புரிதலும் உயர்ந்தது. திறன் மிகுந்தவர்களோ தேவையில்லாத இடத்திலும் அகராதியைப் பார்த்தார்கள். ஊகித்துவிட்ட பொருளைச் சரிபார்த்துக்கொள்ளும் ஆசைதான்.

ஆனால் எளிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல் மனத்தில் தங்குவதற்கு மூன்று தேவை என்று லாஃபரும் ஹுல்ஸ்டைனும் 2001இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: அந்தச் சொல் தெரிந்தாக வேண்டும் என்ற தேவை, அதைத் தேடும் முயற்சி, கிடைத்த பொருள் இந்த இடத்துக்குப் பொருந்துமா என்ற சீர்தூக்கல். இந்த மூன்றில் எவ்வளவு கூடுதலாக ஈடுபடுகிறோமோ அவ்வளவு ஆழமாகச் சொல் பதியும் என்பது அவர்கள் கருத்து. உள்ளமைந்த அகராதி நடுவில் உள்ள தேடலைச் சுருக்கிவிட்டது. தேவை வாசகரிடம் இருக்கிறது. மூன்றாவதான சீர்தூக்கலைத்தான் நாம் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம். பெட்டி விரிந்ததும் முதல் வரியில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அகராதி அந்தச் சொல்லுக்கு ஏழு பொருள் தந்திருக்கலாம். பெட்டியில் தெரிவது இரண்டோ மூன்றோ.

பழைய தமிழ்ப் பாடல் ஒன்றை மின்நூலில் படிப்பவர் 'களிறும் பிடியும்' என்ற தொடரில் 'பிடி' என்ற சொல்லை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பற்றுதல், கைப்பிடி, கைப்பிடியளவு என்று பொருள்கள் முதலில் வரிசைகட்டி நிற்கும். பெண் யானை என்ற பொருள் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும். பக்கத்தில் களிறு நிற்பதைக் கவனித்தவர் கீழே நகர்த்திப் பார்ப்பார். அவசரக்காரர் யானையின் கைப்பிடியோடு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை வேறு வடிவில் வருகிறது. சிறு சிறு வினைச்சொற்களோடு இடைச்சொற்கள் ஒட்டிப் புதுப்பொருள் தரும் தொடர்கள் அங்கே ஏராளம். கருவி ஒரு சொல்லை மட்டுமே பிடிக்கும். 'புட் அப் வித்' என்ற தொடரில் 'புட்' என்பதைத் தொட்டவருக்கு 'வை' என்ற பொருள்தான் கிடைக்கும், 'சகித்துக்கொள்' கிடைக்காது. சில கருவிகளில் விரலை இழுத்து மூன்று சொற்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் சரியான பதிவு வரும்.

இனித் திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம், ஏனென்றால் தமிழ் வாசகருக்கு வரும் ஏமாற்றங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அகராதி வரலாற்றில் தமிழ் ஒரு விசித்திரமான சுற்றை முடித்திருக்கிறது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் அமைந்தவை. அன்றைய மாணவரின் அகராதி அவருடைய தலைக்குள் இருந்தது. படிக்கும்போது எதையும் புரட்ட வேண்டியதில்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்துச் சொற்களை அகர வரிசையில் அடுக்கியபோது அகராதி தலையைவிட்டு வெளியே வந்தது. யாரும் தேடி எடுக்கலாம் என்றானது. வரிசை தெரிந்தால் போதும், மனப்பாடம் தேவையில்லை. இப்போது மின்கருவி வந்து அந்த வரிசையையும் தேவையற்றதாக்கிவிட்டது. 'ற' முதலில் வருமா 'ன' முதலில் வருமா என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் அச்சு அகராதியைப் புரட்டிய வாசகர் தம்மையறியாமல் செய்துவந்த இன்னொரு வேலை இருக்கிறது. 'கண்டான்' என்ற சொல்லுக்கு அவர் 'காண்' என்ற பதிவைத் தேடினார். 'மரத்திலிருந்து' என்று படித்துவிட்டு 'மரம்' பார்த்தார். பக்கத்தில் உள்ள வடிவத்திலிருந்து அகராதியில் உள்ள தலைச்சொல்லுக்குப் போகும் பாலத்தை மனித மூளை நொடியில் கட்டிவிடும். கருவிக்கு அதை யாராவது முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இது எளிது. ஒரு வினைச்சொல்லுக்கு நான்கைந்து வடிவங்கள். பெயர்ச்சொல்லுக்கு இரண்டு மூன்று. கிண்டிலின் அகராதி வடிவம், அமேசான் 2005இல் வாங்கிய மொபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வந்த மரபு. அதில் ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் அதன் திரிந்த வடிவங்களைத் தொகுப்பாளர் பட்டியலிட்டுவைக்கலாம். வாசகர் எந்த வடிவத்தைத் தொட்டாலும் பட்டியல் அவரைத் தலைச்சொல்லுக்கு அழைத்துப்போகும். இந்த முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'படி' என்ற பகுதியோடு வினையெச்சம், 'கொண்டு', 'இரு' என்ற இரண்டு துணைவினைகள், இறந்தகால இடைநிலை, பெயரெச்ச விகுதி, பலர்பால், பன்மை, நான்காம் வேற்றுமை, கடைசியில் 'எல்லாம்' ஆகியவை அதில் கோத்திருக்கின்றன. இப்படிக் கோக்கத்தக்க வடிவங்கள் ஒரு வினைக்கே ஆயிரக்கணக்கில் வரும். அத்தனையையும் பட்டியலிடுவது நடக்கிற காரியமில்லை.

பட்டியலுக்கு மாற்று, விதிகளைக் கொண்டு சொல்லை உரித்துப் பார்க்கும் நிரல். சொல்லின் வாலை வெட்டும் ஸ்டெம்மர் என்னும் நிரல்கள் தமிழுக்கும் உண்டு. ஸ்னோபால் என்ற திறந்த மூலத் தொகுப்பில் தமிழுக்கென்று ஒன்று இருக்கிறது. தேடுபொறிக்கு அது போதும். அகராதிக்குப் போதாது. வாலை வெட்டியபின் மிஞ்சுவது பல வேளை முழுச்சொல்லாக இருக்காது. 'மரத்தை' என்பதிலிருந்து 'ஐ' போனால் நிற்பது 'மரத்து', அகராதியில் தேட வேண்டியதோ 'மரம்'. 'கற்கள்', 'கற்றாள்' இரண்டும் 'கல்' என்ற ஒரே எழுத்து வடிவத்துக்கே போய்ச் சேரும். ஒன்று பெயர், மற்றொன்று வினை என்று கருவி அறிந்தால்தான் சரியான பொருளை முதலில் காட்ட முடியும். இதோடு புணர்ச்சி வேறு. இரண்டு சொற்கள் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் எங்கே பிரிப்பது என்பதைக் கருவி ஊகிக்க வேண்டும். ஒரே தொடரை ஒரு பதிப்பகம் சேர்த்து அச்சிடும், இன்னொன்று பிரித்து அச்சிடும்.

எழுத்துக் குறியீட்டில் உள்ள சில்லறைச் சங்கடங்களும் இருக்கின்றன. 'கௌரவம்' என்று சரியாகத் தட்டச்சு செய்ததும், 'கெளரவம்' என்று எகரக் கொம்புக்குப் பக்கத்தில் 'ள' போட்டுத் தட்டச்சு செய்ததும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கருவிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இரண்டாவதைத் தொட்டால் 'பொருள் இல்லை' என்ற பதிலே வரும். வாசகர் அகராதியைத்தான் திட்டுவார். பிடிஎஃப் கோப்புகளின் கதை இன்னும் மோசம். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் உருவான கோப்புகளில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒழுங்கற்ற ரோமன் குறிகளின் குவியல். பக்கங்களைப் படம் பிடித்து உருவாக்கிய கோப்புகளில் எழுத்தே கிடையாது, தொடுவதற்கு ஒன்றுமில்லை.

தமிழில் நல்ல அகராதிகளுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் இணைப்பும் வெளியானது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்க்க முடியும். இக்கால உரைநடைக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது: 1992இல் முதல் பதிப்பு, 2008இலும் 2020இலும் விரிவாக்கிய பதிப்புகள். தன்னார்வலர்கள் 2004 முதல் வளர்த்துவரும் தமிழ் விக்சனரியில் லட்சக்கணக்கான பதிவுகள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதும் முக்கியம். இன்றைய நாவல் படிப்பவருக்குப் பேரகராதியைக் கொடுத்தால் பழைய பொருள்களின் காட்டில் அலைவார். சங்கப் பாடல் படிப்பவருக்குத் தற்கால அகராதி பாதிச் சொற்களுக்குக் கைவிரிக்கும். எந்த நூலுக்கு எந்த அகராதி என்று தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் மொழிவாரியாக இருக்கிறது, ஆனால் அமைப்புப் பக்கத்தின் மூலையில் ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்ப்பது நல்லது.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தன. நூல்கள் வந்த வேகத்துக்கு அகராதி வசதி ஈடுகொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு, காரணம் திரிந்த வடிவத்திலிருந்து தலைச்சொல்லுக்குப் போகும் அந்தப் பாலம் இல்லாததுதான். கொஞ்சம் கைவேலை செய்யத் தயங்காதவர்களுக்குக் கேஓரீடர் என்ற கட்டற்ற செயலி ஒரு வழி. ஸ்டார்டிக்ட் என்ற பழைய, எளிய அகராதி வடிவத்தை அது ஏற்றுக்கொள்ளும். உரிமம் அனுமதிக்கும் எந்தச் சொற்பட்டியலையும் அந்த வடிவத்துக்கு மாற்றிக் கருவியில் போட்டுக்கொள்ளலாம். பல அகராதிகளை ஒரே நேரத்தில் தேடவும் செய்யும். கருவி தரும் தமிழ் வசதியைச் சோதிக்க வேண்டுமானால், 'மரம்' போன்ற சொல்லைத் தொட்டுப் பார்த்து மகிழ வேண்டாம். 'நொந்துபோனவர்' போன்ற ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். 'நோ' என்ற தமிழ் வினைச்சொல் வந்தால் நல்ல கருவி.

அகராதியை ஒட்டி முளைத்த துணை வசதிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2013இல் கிண்டிலில் வந்த சொற்சேகரம், வாசகர் தொட்ட ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு சேமித்துவைக்கிறது. அந்த வாக்கியம்தான் இதன் மதிப்பே. வெறும் சொற்பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, எங்கே தடுக்கியது என்பதோடு சேர்த்துத் திரும்பப் பார்ப்பது பலமடங்கு நல்லது. முன்பு சொன்ன சீர்தூக்கலுக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைக்கிறது. 2014இல் வந்த வேர்ட் வைஸ் என்ற வசதி எனக்கு ஒவ்வவில்லை. கடினமான ஆங்கிலச் சொற்கள் எவை என்று கருவியே தீர்மானித்து அவற்றின் தலைக்குமேல் சிறு எழுத்தில் பொருளை எழுதிவிடுகிறது. கேள்வி எழுவதற்கு முன்பே விடை வந்துவிட்டால் தேவை என்ற முதல் படியே இல்லாமல் போகிறது. மொழி புதிதாகக் கற்பவர்களுக்கு அது உதவலாம், மற்றவர்கள் அணைத்துவிடலாம்.

அச்சு அகராதியில் ஒரு சொல்லைத் தேடப்போய்ப் பக்கத்துச் சொற்களில் மயங்கி நின்ற இன்பம் போய்விட்டதே என்று வருந்துவோர் உண்டு. உண்மைதான், பெட்டிக்குள் பக்கத்துச் சொல் தெரிவதில்லை. ஆனால் ஹுல்ஸ்டைனின் மாணவர்களைப் போல அகராதியைத் திறக்காமலேயே இருந்தவர்களுக்கு அந்த இன்பம் எப்போதும் கிடைத்ததில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் முழு வாக்கியத்தையும் கொடுத்து 'இங்கே இதன் பொருள் என்ன' என்று கேட்க முடிகிறது. வினைத்தொடர்களிலும் பல பொருள் சொற்களிலும் இது பெட்டி அகராதியைவிட நன்றாகவே உதவும். திரிந்த வடிவங்களைப் பற்றியும் கவலையில்லை. ஆனால் அருஞ்சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது அகராதி மௌனமாக இருக்கும், செயற்கை நுண்ணறிவோ பொருந்தும்படி ஒன்றைக் கற்பித்துச் சொல்லக்கூடும். வாசகருக்குத் தெரியாத சொல் என்பதால்தான் கேட்கிறார். தவறைக் கண்டுபிடிக்கும் நிலையில் அவர் இல்லை.

தமிழ்ப் பதிப்பாளர்கள் இந்த முன்னேற்றங்களுக்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதிய பெயர் தெரியாத உரையாசிரியர் செய்ததையே மின்நூலிலும் செய்யலாம்: குறிப்பிட்ட நூலுக்கென்று, குறிப்பிட்ட இடத்துக்கென்று பொருள் தருவது. வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்களுக்கு இது மிகவும் தேவை. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கும், பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கும் தனி அகராதிகளே தொகுத்திருக்கிறார்கள். பொது அகராதிகள் தவறவிடும் சொற்களும் பொருள்களும் அவற்றில் கிடைக்கும். அச்சு நாவலின் கடைசிப் பக்கங்களில் வரும் அருஞ்சொற்பட்டியலை மின்நூலிலும் அப்படியே கடைசியில் போட்டுவிட்டால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. இ-பப் என்ற மின்நூல் வடிவத்தில் அடிக்குறிப்பை அதே பக்கத்தில் பெட்டியாக விரியச் செய்யும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த இணைப்பை ஒரு பதிப்பாசிரியர் கையால் போடுவதால் வேர்ச்சொல், புணர்ச்சி, குறியீடு என்ற எந்தத் தொல்லையும் குறுக்கே வராது. சொல் எந்த வடிவில் திரிந்திருந்தாலும் சரியான பொருள் வரும். ஏழு பொருள்களில் இந்த இடத்துக்கு எது என்ற கேள்வியும் இல்லை. இருநூறு வட்டாரச் சொற்கள் உள்ள ஒரு நாவலுக்கு இது சில நாள் வேலை. நூலாசிரியர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டுச் செய்துவிட்டால் இன்னும் உத்தமம்.